வெப்பத்தை ஆளுதல்
எரிபொருட் கல அடுக்குகளும் எமது புத்தளக் கரையும்

தோற்றுவாய்

கல்லூரி விழா மலருக்குப் பழைய மாணவர் வரையும் கட்டுரைகள் பெரும்பாலும் பழமையைப் போற்றுவனவாகவே அமைதல் இயல்பு. ஆசிரியப் பெருமக்களின் அருமையையும் விளையாட்டுப் போட்டிகளின் வெற்றியையும் எழுதுதற்கு எம்மினும் தகுதி வாய்ந்த அன்பர் பலர் உளர். ஆதலின், நாம் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவரின் வருங்காலத்தோடு தொடர்புடைய ஒரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம்.

ஐதரசன் வாயுவைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் 'எரிபொருட் கலம்' என்னும் கருவியைப் பற்றி இக்காலத்துச் செய்தித்தாள்கள் அடிக்கடி பேசுகின்றன. புகையில்லை, கரியில்லை, கழிவாக வெளிவருவது நீர் ஒன்றே என்று அவை புகழ்கின்றன. அப்புகழ்ச்சி தகுந்ததே. ஆயினும் அக்கருவியிலிருந்து நீரோடு வேறொன்றும் வெளிவருகின்றது, அதுவே வெப்பம். அவ்வெப்பத்தை எங்கே செலுத்துவது, எவ்வளவு செலுத்துவது, எவ்வளவை உள்ளே நிறுத்திக்கொள்வது என்பன விடுவிக்கப்படாதவிடத்து எரிபொருட் கலம் சில நிமிடங்களும் வாழாது. உப்பும் வெயிலும் ஈரக்காற்றும் மிகுந்த எமது புத்தளக் கரையில் இவ்வினா மற்றெவ்விடத்தினும் கூர்மையானது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். இதில் வரும் வெப்பநிலைப் பாகைகள் யாவும் செல்சியசு அளவிலானவை.

நுரைச்சோலை கற்பிக்கும் பாடம்

வெப்பத்தை அகற்றுதல் எத்துணைப் பெரிய வேலை என்பதை அறிய நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலையில், லக்விஜய அனல்மின் நிலையம் நிற்கின்றது. அதன் முதல் அலகு 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவெய்தின. ஒவ்வோர் அலகும் 300 மெகாவாற்று. மொத்தம் 900 மெகாவாற்று.

நிலக்கரியை எரித்து நீராவி ஆக்கி அந்த ஆவியால் சுழலியைச் சுழற்றும் எந்த நிலையமும் தான் பெற்ற வெப்பம் முழுவதையும் மின்னாக மாற்றிவிட முடியாது. நூற்றுக்கு 38 பங்கு மின்னாகின்றது என்று கொண்டு நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 மெகாவாற்று மின்னைப் பெற ஏறத்தாழ 790 மெகாவாற்று வெப்பம் வேண்டும். புகைபோக்கி முதலிய வழிகளால் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கழிந்தால், எஞ்சிய 390 மெகாவாற்று அளவினதை நீராவியை மீண்டும் நீராக்கும் ஒடுக்கியின் வழியாகக் கடல் ஏற்கவேண்டும். குளிர்த்தப் புகும் கடல்நீர் 8 பாகை சூடேறி வெளியேறுவதாயின், ஓர் அலகுக்கு நொடிதோறும் ஏறக்குறைய 12 தொன் நீர் ஓடவேண்டும். அந்நிலையம் கடற்கரையில் அமைந்ததற்குக் கரி ஏற்றிவரும் கப்பல் மட்டுமன்றி இந்நீர்த் தேவையும் ஒரு காரணம் என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு பாடமும் உண்டு. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் நாடெங்கும் மின்தடை நேர்ந்தபோது நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுபோயின. அவை மீண்டும் முழுமையாக இயங்கச் சில நாள்கள் சென்றன. அந்நாள்களில் நாட்டு மக்கள் முறைவைத்து மின்வெட்டை ஏற்றனர். வெப்பத்தோடு தொழில் செய்யும் பெருங்கருவி தன் விருப்பப்படி சூடேறும், தன் விருப்பப்படி ஆறும். மனிதரின் அவசரம் அதற்குப் புரியாது.

எரிபொருட் கலம் என்பது யாது?

1839ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தவரும் பின்னாளில் நீதியரசராக விளங்கியவருமான வில்லியம் குரோவ் என்னும் அறிஞர், மின்னால் நீரைப் பிரித்து ஐதரசனும் ஒட்சிசனும் பெறுதல் கூடுமாயின் அவ்விரண்டையும் சேர்த்து மின்னைப் பெறுதலும் கூடும் என்று செய்து காட்டினார். அதன்பின் நூற்றிருபது ஆண்டுகள் அது ஆய்வுகூடத்து வியப்பாகவே இருந்தது. 1959இல் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் பேக்கன் என்னும் பொறியியலாளர் 5 கிலோவாற்று ஆற்றலுள்ள கல அடுக்கொன்றை இயக்கிக் காட்டினார். அவர் வகுத்த முறையைத் தழுவிய கலங்களே அப்பலோ விண்கலங்களுக்கு மின்னையும் வீரர்க்குக் குடிநீரையும் அளித்தன.

இன்று ஊர்திகளிலும் படகுகளிலும் பெரிதும் பயன்படுவது மென்சவ்வுக் கலமாகும். இவ்வகை முதன்முதல் 1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் பறந்தது. ஒரு தாளின் தடிப்பினும் மெல்லிய பல்பகுதியச் சவ்வொன்று நடுவே இருக்கும். அதன் இருபுறமும் பிளாற்றினம் பூசிய மின்வாய்கள் உண்டு. ஒருபுறம் ஐதரசன் வரும். பிளாற்றினத்தின் துணையால் அது புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரியும். புரோத்தன் சவ்வினூடே கடந்து செல்லும்; இலத்திரனுக்கு அவ்வழி அடைபட்டிருத்தலின் அது வெளிக்கம்பி வழியே சுற்றிச் செல்லும். அவ்வோட்டமே நமக்கு வேண்டிய மின்னோட்டம். மறுபுறத்தில் காற்றிலுள்ள ஒட்சிசனோடு இரண்டும் கூடி நீராகும்.

ஒரு கலம் தொழில் செய்யும்போது தருவது 0.6 அல்லது 0.7 வோல்ற்றே. ஆகவே சீட்டுக்கட்டுப்போல நூற்றுக்கணக்கான கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிக் கட்டுவர். 2014இல் யப்பானில் விற்பனைக்கு வந்த டொயோற்றா மிராய் காரில் 370 கலங்கள் கொண்ட 114 கிலோவாற்று அடுக்கு அமைந்திருந்தது. நாம் 'அடுக்கு' என்று கூறுவது இதனையே.

வெப்பம் எங்கிருந்து பிறக்கின்றது?

ஐதரசனின் எரிவெப்பம் முழுவதும் மின்னாக மாறுமாயின், நீர் ஆவியாக வெளியேறும் நிலையில், ஒவ்வொரு கலமும் 1.25 வோல்ற்றுத் தரவேண்டும். உண்மையில் தருவது 0.65 எனின், எஞ்சிய 0.60 வோல்ற்று அளவினதான ஆற்றல் எங்கே போயிற்று? அது அழியவில்லை, வெப்பமாயிற்று. ஒட்சிசன் மின்வாயில் தாக்கம் மெதுவாக நிகழ்தலால் ஒரு பகுதியும், சவ்வும் தகடுகளும் மின்னோட்டத்தைத் தடுத்தலால் ஒரு பகுதியும், தாக்கத்தின் இயல்பினாலேயே ஒரு பகுதியும் இவ்வாறு வெப்பமாகின்றன. சுருங்கச் சொன்னால், அடுக்கொன்று எவ்வளவு மின்னைத் தருகின்றதோ ஏறக்குறைய அவ்வளவு வெப்பத்தையும் தருகின்றது.

எமது கரைக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மீன்பிடி வள்ளமொன்றுக்குப் போதிய 20 கிலோவாற்று அடுக்கு இருப்பதாக எண்ணுவோம். அது முழு ஆற்றலோடு இயங்கும்போது ஏறத்தாழ 18 கிலோவாற்று வெப்பம் பிறக்கும். சிறிய பெட்டியொன்றினுள் ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் பதினெட்டை ஓயாது எரியவிட்டதற்கு இது ஒப்பாகும். அடுக்கின் நிறை 20 கிலோகிராம் என்று கொண்டால், குளிர்த்தும் நீரின் ஓட்டம் நின்ற கணத்திலிருந்து அது நொடிக்கு ஒரு பாகைக்கு மேல் சூடேறும். அரை நிமிடத்தினுள் சவ்வு தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். சவ்வு ஓரிடத்தில் உலர்ந்து துளைபட்டால் ஐதரசனும் ஒட்சிசனும் அத்துளைவழி நேரே கலந்து அங்கேயே எரியும். ஒரு கலம் கெட்டால் தொடராக இணைந்த அடுக்கு முழுவதும் பயனற்றதாகும்.

கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு

நுரைச்சோலையின் ஒடுக்கிக்கும் எரிபொருட் கலத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஒடுக்கி எவ்வளவுக்குக் குளிர்கின்றதோ அவ்வளவுக்கு நன்று. எரிபொருட் கலமோ குளிரையும் விரும்பாது, சூட்டையும் பொறுக்காது. 60 முதல் 80 பாகை வரையிலான குறுகிய எல்லையுள் நிற்கவே விரும்பும்.

இதற்குக் காரணம் நீரே. சவ்வு ஈரமாக இருந்தாலன்றிப் புரோத்தன் அதனைக் கடவாது. அதேவேளை, ஒவ்வொரு கிலோவாற்று-மணி மின்னுக்கும் ஏறக்குறைய அரை இலீற்றர் நீர் கலத்தினுள் பிறக்கின்றது. அந்நீர் ஆவியாகக் காற்றோடு வெளியேறாவிடின் மின்வாயின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும்; ஒட்சிசன் உள்ளே புகாது; கலம் மூச்சுத்திணறும். காற்று எவ்வளவு ஆவியை ஏற்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகையில் நிரம்பிய நீராவியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்கே. 80 பாகையிலோ அது ஏறக்குறையப் பாதியாகின்றது. ஆகவே சில பாகைகள் கூடினாலும் சவ்வு உலர்கின்றது. சில பாகைகள் குறைந்தாலும் கலம் நீரில் மூழ்குகின்றது.

அடுக்கின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே வெப்பநிலை பெரிதும் வேறுபடலும் ஆகாது. ஓரத்திலுள்ள கலங்கள் ஆறியும் நடுவிலுள்ளவை கொதித்தும் இருக்குமாயின் ஒரே அடுக்கில் வெள்ளமும் வறட்சியும் ஒருங்கே நேரும். இதனாலேயே பொறியியலாளர் கலத்துக்குக் கலம், தகட்டின் நடுவே, நுண்ணிய வாய்க்கால்களை அமைத்து அவற்றில் குளிர்த்தும் திரவத்தை ஓடச் செய்கின்றனர். வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவன் எல்லாப் பாத்திக்கும் ஒப்ப நீர் சேரும்படி வரம்பும் மடையும் அமைப்பது போன்றதே இவ்வேலையும்.

காற்றா, நீரா?

சில நூறு வாற்று முதல் சில கிலோவாற்று வரையுள்ள சிற்றடுக்குகளுக்கு விசிறியால் காற்றை ஊதுதல் போதும். அதற்கு மேற்பட்டால் காற்று தோற்றுவிடும். ஒரே கன அளவுள்ள காற்றினும் நீர் மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தைச் சுமக்கவல்லது. நாம் மேலே கொண்ட வள்ளத்துக்கு, 8 பாகை சூடேறும் நீராயின் நொடிக்கு அரை இலீற்றர் அமையும். 20 பாகை சூடேறும் காற்றாயினும் நொடிக்கு 800 இலீற்றர் வேண்டும்.

இனி, திரவம் அடுக்கினின்று கொண்டுவந்த வெப்பத்தை ரேடியேற்றர் வழியே காற்றில் விடவேண்டும். பெற்றோல் இயந்திரத்தில் வெப்பத்தின் பெரும்பகுதி நெருப்பாய்ச் சுடும் புகையோடு தானே வெளியேறிவிடும். எரிபொருட் கலத்தின் புகைவழி ஈரக்காற்றே வருதலின் அது சுமக்கும் வெப்பம் சிறிது. ஏறத்தாழ எல்லாவற்றையும் ரேடியேற்றரே அகற்றவேண்டும். அன்றியும், வெப்பம் பாய்வது வெப்பநிலை வேற்றுமையினாலன்றோ? 80 பாகைத் திரவம் 20 பாகைக் காற்றில் ஆறும்போது வேற்றுமை 60 பாகை. பங்குனி, சித்திரை மாதங்களில் எமது காற்று 34 பாகையை எட்டும்போது அவ்வேற்றுமை 46 பாகையாகச் சுருங்குகின்றது. அதாவது, குளிர்நாட்டில் அளவெடுத்து அமைத்த ரேடியேற்றர் இங்கே தன் ஆற்றலில் நாலில் ஒரு பங்களவை இழந்துவிடும். குளிர்நாட்டுப் பொறியியலாளர் அடுக்கினுள் நீர் உறையாமற் காக்கப் படும் பாடு எமக்கு இல்லை. அதற்கு ஈடாக இத்தொல்லை எமக்கு உண்டு.

மண்பானை நீர் கசிந்து ஆவியாகித் தண்மை தருவதுபோல, அடுக்கினுள்ளேயே நீரை ஆவியாக்கிக் குளிர்த்தும் முறையும் உண்டு. அம்முறையைக் கையாளுங்கால், வெளியேறும் ஆவியை மீண்டும் நீராக்க இடமும் கருவியும் வேண்டியிருக்கும்.

உப்பு என்னும் பகைவன்

உப்பளங்களால் பெயர்பெற்றது எமது மாவட்டம். எமக்குச் சோறிடும் அவ்வுப்பே எரிபொருட் கலத்துக்கு நஞ்சு. அது இருவழியாற் புகும்.

முதலாவது, காற்றுவழி. கடற்காற்று நுண்ணிய உப்புத் துளிகளைச் சுமந்து வருகின்றது. அதிலுள்ள சோடியம் அயன்கள் சவ்விற் புகுந்து புரோத்தனுக்குரிய இருக்கைகளைப் பற்றிக்கொள்ளும். குளோரைட்டு அயன்கள் பிளாற்றினத்தின்மேற் படிந்து அதன் வேலையைக் கெடுக்கும். தடை கூடும், தடை கூடினால் வெப்பமும் கூடும். ஆகவே கடற்கரையில் நிறுவும் அடுக்குக்குக் காற்று வடிகட்டி என்பது ஆடம்பரப் பொருளன்று, உயிர்ப்பொருளாகும்.

இரண்டாவது, நீர்வழி. குளிர்த்தும் திரவம் அடுக்கின் எல்லாத் தகடுகளையும் தொட்டு ஓடுகின்றது. அத்தகடுகளோ தொடராக இணைந்து நூற்றுக்கணக்கான வோல்ற்று வேற்றுமை உடையன. திரவம் மின்கடத்துமாயின் மின்னோட்டம் கம்பியை விட்டுத் திரவத்தினூடே குறுக்கே பாயும், தகடு அரிக்கும், நீர் பிரிந்து வாயுவும் தோன்றலாம். இதனைத் தவிர்க்க, அயன் நீக்கிய தூய நீரும் எதிலீன் கிளைக்கோலும் சேர்ந்த கலவையைப் பயன்படுத்தி, அதனை ஓயாது அயன்மாற்றுப் பிசின் வழியே ஓடச்செய்து தூய்மை செய்வர். எமது கிணற்று நீரை அள்ளி ஊற்றுதல் அடுக்கைக் கொன்றதற்குச் சமம். லொறியின் ரேடியேற்றரில் வழிநெடுகக் கிடைத்த நீரை வார்க்கும் பழக்கம் இங்கே செல்லாது.

கடலே குளிர்த்தும் துணை

அங்ஙனமாயின் கடல் எமக்குப் பகையேயோ எனின், அன்று. படகிலும் கரையிலும் அமையும் அடுக்குகளுக்குக் கடலே சிறந்த குளிர்த்தியாகும். செய்யவேண்டியது ஒன்றே: கடல்நீரையும் அடுக்கின் தூய திரவத்தையும் கலவாமல், இடையே தகட்டு வெப்பமாற்றி ஒன்றை வைத்தல். ஒருபுறம் 80 பாகைத் திரவமும் மறுபுறம் 28 அல்லது 29 பாகைக் கடல்நீரும் ஓட, வெப்பம் மட்டும் தகட்டைக் கடந்து செல்லும். உப்பு அரிக்காத தைத்தானியத் தகடுகள் இதற்கு உகந்தவை. நுரைச்சோலையிற் போலவே இங்கும் பாசியும் சிப்பியும் ஒட்டி வழியை அடைத்தலைக் காலந்தோறும் நீக்கவேண்டும்.

ஆயினும் கடல் வேறு, களப்பு வேறு. புத்தளக் களப்பு ஆழங் குறைந்தது; வறட்சிக் காலத்தில் அதன் நீர் கடலினும் உப்பாகிச் சூடேறும். மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கும் இடமும் அதுவே. எனவே வெப்பநீரை விடும் இடத்தைத் தேர்தல் பொறியியலாளரோடு மீனவரும் கூடியிருந்து முடிவு செய்யவேண்டிய செய்தியாகும்.

கழிவெனப்படும் செல்வம்

வெப்பத்தை வீணே விடுதல்தான் வழியோ? யப்பானியர் 2009ஆம் ஆண்டு முதல் 'எனே-பாம்' என்னும் பெயரால் இலட்சக்கணக்கான வீடுகளில் சிறிய எரிபொருட் கலங்களை நிறுவி, மின்னோடு குளிப்பதற்கு வெந்நீரையும் அவற்றினின்றே பெறுகின்றனர். எமக்கு வெந்நீரின் தேவை சிறிது. ஆனால் கருவாடு உண்டு. உடப்பு, கற்பிட்டிக் கரைகளில் மழைக்காலத்தில் மீன் உலராமற் கெடுதலால் எத்தனை குடும்பங்களின் உழைப்பு வீணாகின்றது! 18 கிலோவாற்று வெப்பம் முழுவதும் பயன்படுமாயின் மணிக்கு 27 கிலோகிராம் நீரை மீனிலிருந்து உலர்த்தலாம். பாதியே பயன்பட்டாலும் 13 கிலோகிராம். மீன் உலர்த்த வேண்டிய 45, 50 பாகைச் சூடு, 70 பாகைத் திரவத்திலிருந்து எளிதிற் கிடைக்கும். எரிபொருட் கலம் எமது கரைக்கு வருமாயின் அதன் பாதி இலாபம் இவ்வழியாலேயே வரும் என்பது எமது துணிபு.

மறுகரையில் நடப்பது

இவை கனவு மட்டும் அல்ல. நோர்வேயில் 2023இல் 'ஹைட்ரா' என்னும் பயணப் படகு 200 கிலோவாற்று எரிபொருட் கலங்கள் இரண்டோடு ஓடத் தொடங்கிற்று. கொச்சிக் கப்பற் கட்டுந்தளத்தில் உருவான இந்தியாவின் முதலாவது ஐதரசன் எரிபொருட் கலப் பயணப்படகு, மன்னார் வளைகுடாவின் மறுகரையில் எமக்கெதிரேயுள்ள தூத்துக்குடியில் நடந்த விழாவில், 2024 பெப்ரவரி 28ஆம் நாள் தொடக்கி வைக்கப்பட்டது. சென்னைப் பெரம்பூர் ரெயிற்பெட்டித் தொழிற்சாலையில் 2025 யூலையில் ஐதரசனால் ஓடும் ரெயில்பெட்டி சோதிக்கப்பட்டது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இத்துறைக்கு வேண்டிய அறிவை வளர்த்து வருகின்றது. சென்னைத் தரமணியில் எரிபொருட் கலத்துக்கென்றே தனி ஆய்வு மையம் உண்டு.

எமது கரையில் காற்றுக்குக் குறைவில்லை. மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அக்காற்றால் நீரைப் பிரித்து ஐதரசன் பெறுதல் இயலும். ஆயின் அந்த ஐதரசனைப் பயன்படுத்தும் கருவி பிறநாட்டிலிருந்து பெட்டியில் வந்திறங்கும்போது, அது குளிர்நாட்டுக் காற்றுக்கும் உப்பற்ற நீருக்கும் அமைந்ததா, எமது வெயிலுக்கும் உப்புக்கும் அமைந்ததா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் துறையில் நிற்கவேண்டும். அவ்வாறு கேட்பவர் இல்லாத ஊரில் விலையுயர்ந்த பொறிகள் துருப்பிடித்துக் கிடத்தலை நாம் கண்டதுண்டு.

மாணவர்க்கு ஒரு சொல்

வெப்பம், ஆவியமுக்கம், மின்பகுப்பு, அயன் என்பன உயர்தர வகுப்புப் பாடநூலில் வெவ்வேறு அத்தியாயங்களிற் கிடக்கின்றன. சோதனைக்காக அவற்றைத் தனித்தனியே கற்று, சோதனை முடிந்ததும் மறந்துவிடுதல் வழக்கமாயிற்று. எரிபொருட் கல அடுக்கினுள் அவை யாவும் ஒரு தகட்டின் தடிப்பினுள் கூடி நிற்பதைக் கண்டீர்கள். விஞ்ஞானம் கற்கும் மாணவர் நுரைச்சோலையின் ஒடுக்கியையும் உப்பளத்துப் பாத்தியையும் மீன் உலர்த்தும் பாயையும் ஒரே கண்ணாற் பார்க்கப் பழகுவாராக. ஆசிரியர் இக்கட்டுரையிலுள்ள கணக்குகளை வகுப்பிலே மாணவரைக் கொண்டு மீண்டும் செய்வித்து, எண்களை மாற்றியும் பார்ப்பாராயின் நாம் எழுதியதன் பயனைப் பெற்றவராவோம். பழைய மாணவராகிய நாமோ, அவ்வாறு கற்க விழையும் பிள்ளைக்கு ஒரு வெப்பமானியும் ஒரு சிறிய எரிபொருட் கலமும் ஆய்வுகூடத்திற் கிடைக்கும்படி செய்தல் எமது கடன் என்று உணர்வோமாக.

வளர்க கல்லூரி! ஓங்குக அதன் புகழ்!